எஸ்இஎம் வாங்கலாம், யார் ஓட்டுவது?

கேள்வி: ஐயா, தென்மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவராக இருக்கிறேன். எட்டு ஆசிரியர்கள், அதில் ஐந்து பேர் பிஎச்டி வழிகாட்டிகள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஃபிஸ்ட் நிதிக்குச் சென்ற முறை விண்ணப்பித்தோம். ‘கருவிப் பட்டியலாக இருக்கிறது, துறையின் ஆய்வுத் திசை தெரியவில்லை’ என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். மறுபடி போடப் போகிறோம். இந்த முறை பெரிதாக ஒரு எஸ்இஎம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) கேட்டுவிடலாம் என்கிறார் கல்லூரி முதல்வர். ஏற்கெனவே இருக்கும் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைக் கருவி) இரண்டு வருஷமாக ஓடவில்லை. பழைய ப்ராஜெக்ட் ஒன்றில் 38,000 ரூபாய் கணக்கு முடிக்காமல் கிடக்கிறது, அதை நடத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார். எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு உண்மையிலேயே இந்தப் பணம் வருமா, இல்லை எல்லாம் ஐஐடிகளுக்குத்தானா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள மேடம்,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த பழைய விண்ணப்பத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். குழு சொன்னதில் தப்பில்லை. பதினொன்றாம் பக்கத்தில் ஒரு அட்டவணை, அதில் ஆறு கருவிகள்: எஸ்இஎம், எக்ஸ்ஆர்டி, புது எஃப்டிஐஆர், எச்பிஎல்சி, டிஜிஏ, ஃப்ளோரசன்ஸ். எதற்காக என்ற கட்டத்தில் ஆறுக்கும் சேர்த்து ஒரே வரி, ‘பொருட்களின் பண்புகளை ஆராய’. நானும் இந்த மாதிரிக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து துறை துறையாக வந்து ஸ்லைடு போட்டுக்கொண்டே இருப்பார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற துறையின் கதி இன்னும் பாவம். அந்த அட்டவணையைப் பார்த்தவுடனே எங்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: துறைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் துறையிலும் அதுதான் நடந்திருக்கும், இல்லையா?

ஃபிஸ்ட் தனி ஆளுக்குக் கொடுக்கிற ப்ராஜெக்ட் பணம் இல்லை. 2000-01இல் தொடங்கியதிலிருந்தே அது துறைக்குக் கொடுக்கிற பணம். துறை கற்பிக்கவும் ஆராயவும் வலுப்பெற வேண்டும் என்று ஐந்து வருஷத்துக்குக் கொடுப்பது. கருவிக்குத் தலைப்பு உண்டு, கணினிக்கும் நெட்வொர்க்குக்கும் உண்டு, பராமரிப்புக்கும் உண்டு. ஆள் சம்பளத்துக்குக் கிடையாது. நம் ஊரில் பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்தக் கடைசி விஷயத்தை யோசிக்காமலே எழுதப்படுகின்றன. நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பல வருஷத்துக்கு முன்னால் அரசு நிதியில் ஒரு 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் காந்தக் கருவி) வாங்கினார்கள். வாழைமரம் கட்டி, துணைவேந்தரைக் கூப்பிட்டு, ரிப்பன் வெட்டி, எல்லாம் ஆனது. என்எம்ஆர் காந்தத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும்: உள்ளே இருக்கிற மீகடத்திச் சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்திலேயே மூழ்கிக் கிடக்க வேண்டும், அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். நைட்ரஜனை வாராவாரம் ஊற்ற வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஊற்றித்தான் ஆக வேண்டும், வீட்டில் மாடு கட்டியிருப்பவன் வெளியூர் போக முடியாத மாதிரி. அதை ஊற்றிக்கொண்டு, சாம்பிள் ஓட்டிக்கொண்டு, லாக் புத்தகம் எழுதிக்கொண்டு இருந்தவன் ஒரு பிஎச்டி மாணவன். கெட்டிக்காரப் பையன். தீசிஸ் கொடுத்தான், கொரியாவுக்குப் போஸ்ட்டாக் போய்விட்டான். அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை. அடுத்த ஹீலியத்துக்கான ஃபைல் நிதிப் பிரிவில் மாட்டிக்கொண்டது. மூன்று கொட்டேஷன் எங்கே என்று கேட்டு ஒருமுறை திருப்பினார்கள், பட்ஜெட் தலைப்பு தப்பு என்று இன்னொருமுறை திருப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் காந்தம் க்வென்ச் ஆனது, அதாவது குளிர் போய் மீகடத்தும் தன்மையை இழந்தது. மிச்சமிருந்த ஹீலியம் முழுக்க வெள்ளைப் புகையாகக் கூரை வரைக்கும் எழும்பிப் போனதை வாட்ச்மேன் பார்த்துத் தீ என்று நினைத்துவிட்டார். மறுபடி குளிர்வித்து, ஹீலியம் நிரப்பி, கம்பெனி இன்ஜினியரை வரவழைத்து மின்னோட்டம் ஏற்றுவதற்கு ஆகும் தொகையைக் கேட்டுவிட்டுத் துணைவேந்தர் ஃபைலை மூடிவிட்டார். இன்றைக்கும் அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது. தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிற அன்று மட்டும் திறந்து கூட்டிப் பெருக்குவார்கள்.

அந்தத் துறைக்குப் பணம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்தது, கருவியும் வந்தது. ஆராய்ச்சித் திறன்தான் வரவில்லை.

இப்போது உங்கள் எஃப்டிஐஆர் கதைக்கு வருகிறேன். ஓடவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் குழுவின் கண்ணில் முதலில் படப்போவது அந்த வரிதான். இருக்கிற கருவியை ஓட்டத் தெரியாதவர்களுக்குப் புதுசாக ஏன் தர வேண்டும் என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். என் ஊகத்தைச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்: ஒளிக்கற்றையைப் பிரிக்கும் பீம் ஸ்ப்ளிட்டர் மங்கியிருக்கும். அது பொட்டாசியம் புரோமைடு, உப்பு ஜாதி, ஈரத்தை இழுக்கும். கடற்கரையிலிருந்து இத்தனை பக்கத்தில், ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போனால், ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சை பிடித்த கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சிலிக்கா ஜெல் பையை எடுத்துப் பாருங்கள். நீலமாக இருக்க வேண்டியது ரோஸ் கலரில் இருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று லேப் அசிஸ்டென்டைக் கேட்கவே வேண்டாம். துத்தநாக செலினைடு ஒளியியலோடு வருகிற மாடல்கள் ஈரத்தைத் தாங்கும், வரம்பு கொஞ்சம் குறையும், உங்கள் வேலைக்கு அது போதும். சாம்பிளை அப்படியே வைத்து அளக்கும் ஏடிஆர் இணைப்பு ஒன்று போட்டுக்கொண்டால் பெல்லட் அரைக்கிற வேலையும் மிச்சம். அப்புறம் அறைக்கு ஒரு டிஹியூமிடிஃபையர், தனி யூபிஎஸ். இதையெல்லாம் கல்லூரிப் பணத்திலேயே செய்து முடித்து, ஆறு மாதம் லாக் புத்தகம் எழுதி, அதன் நகலை விண்ணப்பத்தோடு வையுங்கள். நான் குழுவில் இருந்தால் உங்கள் வெளியீட்டுப் பட்டியலை விட அந்த லாக் புத்தகத்தைத்தான் அதிக நேரம் புரட்டுவேன். எத்தனை பேப்பர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தத் தேதியில் யாருடைய சாம்பிள் ஓடியது என்று காட்டுகிறவர்கள் குறைவு.

சரி, எஸ்இஎம். முதல்வரின் ஆசை புரிகிறது, கல்லூரி விளம்பரத்தில் போட நல்ல படம். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஐந்து வழிகாட்டிகளின் மாணவர்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு அறுபது சாம்பிள் என்று விண்ணப்பத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வெளியில் கொடுத்து எடுத்தாலும் அறுபதாயிரம். ஒன்றரைக் கோடியில் ஒரு எஸ்இஎம் வாங்கினால், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) மட்டும், விலையில் 5 சதவீதம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு ஏழரை லட்சம். இதில் மின்சாரம் இல்லை, ஃபிலமென்ட் இல்லை, வேக்குவம் பம்ப் ரிப்பேர் இல்லை, ஓட்டுகிற ஆளின் சம்பளமும் இல்லை. அறுபதாயிரத்தில் முடிகிற வேலைக்கு ஏழரை லட்சமா? சாய்ஃப் என்கிற பகிர்வுக் கருவி மையங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. சென்னை ஐஐடியில் ஒன்று இருப்பது உங்களுக்கே தெரியும். ஐ-ஸ்டெம் தளம் 2020 ஜனவரியில் வந்தது, எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி நேரம் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் மாணவிகள் எத்தனை பேர் அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள்? ஒருவர்கூட இல்லை என்றால் இன்றைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

விலைப் பக்கத்திலும் ஒரு சிக்கல். உங்கள் கொட்டேஷன்களில் இரண்டில் வரி 5 சதவீதம் என்று இருக்கிறது. அது பழைய கதை. பொது நிதி பெறும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த அந்தச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது, இப்போது 18. ஒரு கோடிக் கருவிக்கு ஐந்து லட்சம் என்று எழுதிய இடத்தில் பதினெட்டு லட்சம் கட்ட வேண்டும், மீதி பதின்மூன்று லட்சத்தை எங்கிருந்து கொண்டு வருவீர்கள்? அதற்கு மேல் டாலர். 2012இல் ஐம்பத்து சொச்சம் ரூபாய்க்கு இருந்தது 2024 டிசம்பரில் 85ஐத் தாண்டியது. நீங்கள் விண்ணப்பிக்கிற நாளுக்கும் பணம் கணக்கில் விழுகிற நாளுக்கும் நடுவில் ஒன்றரை வருஷம் சாதாரணமாக ஓடிவிடும். அன்றைய டாலர் விலைக்கு எழுதி அனுப்பிவிட்டு, பணம் வந்த பிறகு கருவியின் உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி வெட்டி, கடைசியில் குளிர்விக்கும் சில்லர் இல்லாத எக்ஸ்ஆர்டியை இறக்கிய துறையும் உண்டு. சிரிக்காதீர்கள், அதில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். (எக்ஸ்ஆர்டி என்றவுடன் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது: அது எக்ஸ்ரே உமிழும் கருவி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் பதிவு செய்யாமல் ஓட்டக் கூடாது. அதையும் யாரும் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை.)

அப்படியானால் என்னதான் கேட்பது? உங்கள் விண்ணப்பத்தின் பின்னிணைப்பில் அதற்குப் பதில் இருக்கிறது. நீங்கள் யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் அரிமானத்தில், அதாவது துருப்பிடிப்பதில், வேலை செய்கிறீர்கள். ஒருவர் செடிகளின் சாற்றிலிருந்து தடுப்பான் எடுக்கிறார், ஒருவர் பூச்சு, இன்னொருவர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. உங்கள் கல்லூரி கடலோரத்தில் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் காரைக்குடியில் சிஎஸ்ஐஆர் ஆய்வகமான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் அவர்களுடைய அரிமானச் சோதனை நிலையம். எஃப்டிஐஆரை அழித்த அதே உப்புக்காற்றுதான் உங்கள் துறையின் மூலதனம்! சென்னைக்காரனுக்கும் டெல்லிக்காரனுக்கும் உப்புத் தெளிப்புப் பெட்டிக்குள் செயற்கையாக உண்டாக்க வேண்டியது உங்களுக்கு மொட்டைமாடியில் இலவசமாகக் கிடைக்கிறது. இதை விட்டுவிட்டு, பொருட்களின் பண்புகளை ஆராய என்று எழுதினால் எப்படி?

நானாக இருந்தால் விண்ணப்பத்தை இப்படிக் கட்டுவேன். துறையின் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கரையில் இரும்பு எப்படி, எவ்வளவு வேகமாகப் போகிறது, அதை எது தடுக்கும். அதற்கு இம்பீடன்ஸ் வசதியோடு ஒரு நல்ல மின்வேதியியல் ஒர்க்ஸ்டேஷன், மாணவர்கள் கற்றுக்கொள்ள அதிலேயே சின்னதாக இரண்டு, ஒரு உப்புத் தெளிப்புப் பெட்டி, ஒரு நல்ல உலோகவியல் நுண்ணோக்கி, மெருகேற்றும் இயந்திரம், மாடியில் தகடுகள் வைக்க ஒரு சட்டம். எல்லாம் சேர்த்தாலும் உங்கள் பழைய தொகையில் பாதிகூட வராது. இவை அவ்வளவு சீக்கிரம் படுத்துக்கொள்கிற கருவிகளும் இல்லை. முதுநிலை மாணவி ஒருத்தி இரண்டு வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொள்வாள். எஸ்இஎம் படம் தேவைப்படும்போது வெளியில் எடுத்துக்கொள்கிறோம், இன்ன மையத்தில் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியே குழுவுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரவைக்கும், ஏனென்றால் எல்லோரும் கேட்பதை வேண்டாம் என்று சொல்ல யோசித்திருக்க வேண்டும் அல்லவா.

அப்புறம் ஆள் விஷயம். நிதியில் சம்பளம் கிடையாது என்று சொன்னேன். ஆகவே கல்லூரி நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள்: ஒரு டெக்னிக்கல் அசிஸ்டென்டை ஐந்து வருஷத்துக்கு நிர்வாகச் செலவில் வைத்துக்கொள்கிறோம், சம்பளம் இவ்வளவு, ஐந்து வருஷம் முடிந்த பிறகும் தொடருவோம் என்று. ‘எல்லா வசதிகளும் செய்து தரப்படும்’ என்கிற பொதுக் கடிதம் வேண்டாம், அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. முதல்வருக்கு எஸ்இஎம்மை விட இது சின்ன விஷயமாகத் தோன்றும். மாதச் சம்பளம் என்றதும் முகம் மாறும். அப்போது அந்த ஏழரை லட்சக் கணக்கை எடுத்து மேசையில் வையுங்கள், அதில் பாதிக்கும் குறைவாகவே ஒரு எம்எஸ்சி படித்த ஆளை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கல்லூரிகளிடமும் சின்னத் தொழிற்சாலைகளிடமும் சாம்பிளுக்குக் கட்டணம் வாங்கினால், முதல் இரண்டு வருஷம் இல்லாவிட்டாலும், மூன்றாம் வருஷத்திலிருந்து கொஞ்சம் வரும். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது கல்லூரிப் பொதுக் கணக்கில் போய், எலெக்ட்ரோடு வாங்கக் கேட்கும்போது ஆண்டு விழாவுக்குச் செலவாகியிருக்கும்.

கடைசிக் கேள்வி, பணம் வருமா, எல்லாம் ஐஐடிக்கா. மனசாட்சியோடு சொன்னால், பெரும்பகுதி அங்கேதான் போகிறது. 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், அந்தச் சின்னத் தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 சதவீதம்தான். 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் வந்தபோது, அதற்கு முன் ஆய்வு நிதி வழங்கிவந்த சர்ப் வாரியத்தின் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும் 11 சதவீதம் மட்டும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போவதாக அதிகாரிகளே சொன்னார்கள். அதை மாற்றத்தான் இந்த அமைப்பு என்றார்கள். ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்று அறிவிப்பு, ஆனால் அதில் அரசு தருவது 14,000 கோடி, மீதி பெரும்பாலும் தனியாரிடமிருந்து வர வேண்டியது. வந்தால் பார்க்கலாம். ‘பேர்’ (PAIR) என்ற அவர்களுடைய திட்டத்தில் பெரிய நிறுவனம் ஒன்று மையமாக இருக்கும், அதனோடு சில பல்கலைக்கழகங்கள் கிளைகளாகச் சேரும். கருத்து நல்லதுதான், ஆனால் மையத்தில் எல்லாம் நடந்து கிளையில் கருத்தரங்கு மட்டும் நடந்துவிடும் என்கிற பயம் எனக்கு இருக்கிறது, பழைய அனுபவம். உங்களுக்கு அதை விடப் பொருத்தமானது சர்ப் நடத்திவந்த ‘டேர்’ (TARE) திட்டம். கல்லூரி ஆசிரியர் வேலையை விடாமலே ஐஐடியிலோ சிஎஸ்ஐஆர் ஆய்வகத்திலோ மூன்று வருஷம் பகுதிநேரமாக ஆய்வு செய்யலாம், ஆய்வுச் செலவுக்கு வருஷம் ஐந்து லட்சம் தந்தார்கள். அடுத்த அறிவிப்பு எப்போது என்று அறக்கட்டளையின் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பூச்சு வேலை செய்கிற உங்கள் இளம் ஆசிரியர் அதில் காரைக்குடிக்குப் போய்வந்தால், ஃபிஸ்ட் விண்ணப்பத்தில் ‘ஒத்துழைப்பு’ என்ற தலைப்பின் கீழே எழுத நிஜமாகவே ஒன்று இருக்கும். இப்போது அந்தக் கட்டத்தில் ‘முயற்சிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

கொள்முதல் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூனில் ஆராய்ச்சிக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள்: டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம், கமிட்டி போட்டு வாங்குவது 25 லட்சம் வரை. உங்கள் கல்லூரிக்கு எப்படிப் பொருந்தும் என்பதை ஒப்பளிப்பு ஆணை வந்ததும் அதிலேயே பாருங்கள், ஆபீஸ் சூப்பிரண்டெண்டின் ஞாபகத்தை நம்பாதீர்கள்.

அந்த 38,000 ரூபாய். இதை ஏதோ பின்குறிப்பு மாதிரிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே அதிகம் உறுத்தியது அதுதான். யூசி (பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புதுப் பணம் வருவது கஷ்டம், எத்தனை நல்ல விண்ணப்பமாக இருந்தாலும். அந்த ப்ராஜெக்டை நடத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்கிறீர்கள், இருக்கட்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் கல்லூரித் தலைவர்தான். பழைய ஒப்பளிப்பு ஆணையைத் தேடி எடுங்கள், ஆடிட்டரிடம் செலவு அறிக்கை வாங்குங்கள், மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் யூசி போடுங்கள். மிச்சத் தொகையோடு, அது வங்கியில் கிடந்த காலத்துக்கான வட்டியையும் சேர்த்து அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளம் வழியாகத் திருப்பிக் கட்ட வேண்டும்; வட்டி கல்லூரிக்குச் சொந்தம் என்று கணக்காளர் சொல்வார், இல்லை. ரசீதை மூன்று நகல் எடுத்து ஒன்றைத் துறையில் வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்து, எஃப்டிஐஆர் லாக் புத்தகத்தில் ஆறு மாதம் நிறைந்த பிறகு, புது விண்ணப்பத்தின் பதினொன்றாம் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.